புனைபெயரும் காணொளியும்

எழுதுவோர் தம் இயற்பெயரை மறைத்துப் பிறிதொரு பெயரால் எழுதுதல் தமிழுக்குப் புதிதன்று. எழுத்து இருந்த இடத்திற் காணொளி வந்தமர்ந்துள்ள இந்நாளில் அவ்வழக்கம் என்னாகும்? தஞ்சை மண்ணின் சான்றுகள் கொண்டு இவ்வினாவை ஈண்டு ஆராய்வாம்.

குறுந்தொகையின் 40ஆம் பாட்டைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை. பாட்டில் அமைந்த உவமைத் தொடரே பெயராகிச் செம்புலப்பெயனீரார் எனப்பட்டார். அது பெயர் மறைந்த நிலை. புனைபெயரோ பெயரை மறைத்த நிலை. முன்னது காலத்தின் செயல். பின்னது ஆசிரியரின் விருப்பம்.

காவிரிப் படுகையில் இவ்விருப்பம் செழித்தோங்கியது. கும்பகோணத்தில் 1902இல் பிறந்த கு. ப. ராஜகோபாலன் ‘கரிச்சான்’ என்றும் எழுதினார். அவ்வூரினரான ந. பிச்சமூர்த்தி ‘பிக்ஷு’ எனவும் எழுதினார். ‘கல்கி’ என நாடறிந்த ரா. கிருஷ்ணமூர்த்தி, இசை விமரிசனங்களைக் ‘கர்நாடகம்’ என்னும் பெயரில் வரைந்தார். ஒருவரே இருவராய் நின்று பேசப் புனைபெயர் இடமளித்தது. ராஜகோபாலன்பால் மதிப்புக் கொண்ட ரா. நாராயணசாமி தம்மைக் ‘கரிச்சான் குஞ்சு’ என அழைத்துக்கொண்டார். உடலினின்று பிரிந்த பெயராதலின் அது வழிவழிச் செல்லவும் இயன்றது. முகம் அவ்வாறு செல்லாது.

2003ஆம் ஆண்டளவில் தமிழில் தோன்றிய வலைப்பதிவுகளிலும் புனைபெயர் வழக்கு தொடர்ந்தது. படிப்போர்க்குக் கிட்டியது எழுதுவோரின் நடை ஒன்றே. காணொளியோ முகம், குரல், வட்டார வழக்கு, பின்புறத்து வீடு அனைத்தையும் ஒருங்கே காட்டிவிடுகின்றது.

இதனால் விளையும் நன்மையை மறுத்தற்கில்லை. குறுவைக்கு நாற்று விடும் முறையை உழவர் ஒருவர் தம் வயலில் நின்று விளக்குங்கால், அவர் காலிற் படிந்த சேறே சான்றாகின்றது. ஈண்டு அடையாளம் நம்பிக்கைக்கு அடிப்படை.

ஆயின், கூலிக் குறைவையோ சாதி இழிவையோ எடுத்துரைப்பார் நிலை வேறு. 1968 டிசம்பர் 25 அன்று, கூலிப் பூசலின் விளைவாகக் கீழ்வெண்மணியில் பெண்டிரும் குழந்தைகளும் உட்பட 44 பேர் குடிசையொன்றில் எரியுண்டு மாண்டனர். அத்தகைய நினைவுடைய நிலத்தில், பேசுவார்க்கு மறைவு என்பது ஒப்பனையன்று, காவலாகும். முகத்தை மறைத்துவிட்டால் போதாதோ எனின், போதாது. ஒரு மதகு, ஒரு கோபுரம், ஒரு குளக்கரை தோன்றினும் ஊரார் இடத்தை அறிவர். ஒரு சொல் கேட்பினும் ஆளை அறிவர். தொலைவிலுள்ளார்க்கு அவர் இன்னும் யாரோ ஒருவரே. அண்டையில் உள்ளார்க்கோ அவர் வெளிப்பட்டுவிட்டார். அஞ்சத்தக்கோர் பெரும்பாலும் அண்டையிலேயே உளர். அச்சிட்ட புனைபெயர் இவ்வண்டையாரிடமிருந்தும் காத்தது என்பது கருதத்தக்கது.

ஆகவே காணொளி அடையாளத்தை அழிக்கவில்லை. அதனைத் தெரிவு செய்யும் உரிமையையே சுருக்குகின்றது. பேசுவார் சொல்லைப் பிறர் குரலில் ஒலிக்கச் செய்தலும், இடம் அறியாவண்ணம் காட்சி அமைத்தலும் அவ்வுரிமையை ஓரளவு மீட்கும் வழிகள். உண்மைக்கு முகம் வேண்டுவது சிற்சில இடத்தேயாம். முகம் காட்டாதார் சொல்லையும் நடை கொண்டும் பொருள் கொண்டும் மதிப்பிடும் பழக்கம் நம்மிடை நிலைபெறல் வேண்டும் என்பதே எம் கருத்து.