வீட்டில் இரண்டாவது நாய் சேர்த்தல்

வீட்டில் இரண்டாவது நாய் சேர்த்தல் என்பது, ஏற்கெனவே ஒரு நாய் வளரும் வீட்டில் இன்னொன்றைக் கொண்டுவந்து இரண்டையும் சேர்த்து வளர்ப்பதைக் குறிக்கும். நாய் கூடி வாழும் இயல்புள்ள விலங்கு. எனினும் எல்லா நாய்களும் இன்னொரு நாயின் துணையை விரும்புவதில்லை. ஆகவே இம்முடிவில் முதலில் பார்க்க வேண்டியவை வீட்டில் இருக்கும் நாயின் வயது, உடல்நலம், பழக்கம் ஆகியவை. புதிய நாயின் இனமும் தோற்றமும் அதற்குப் பிறகே வரும்.

காரணங்கள்

பகலெல்லாம் சங்கிலியில் கட்டப்பட்டு, சலிப்பில் குரைக்கும் நாய்க்குத் துணையாக இன்னொன்றை வாங்குவது வழக்கமாக உள்ளது. பிள்ளைகள் தெருவில் கிடந்த குட்டியைத் தூக்கிவருவதாலும் இரண்டாவது நாய் வந்து சேர்கிறது. வீட்டார் வெளியே சென்றதும் கத்துவது, கதவைப் பிறாண்டுவது போன்றவை பெரும்பாலும் மனிதரைப் பிரிந்த பதற்றத்தால் வருபவை. இன்னொரு நாய் வந்தாலும் இவை பொதுவாகத் தீர்வதில்லை. புதிய நாயும் அப்பழக்கத்தைக் கற்றுக்கொள்ளலாம். நடைப்பயிற்சி, விளையாட்டு, பயிற்சி ஆகியவற்றால் முதல் நாயின் குறையைச் சரிசெய்த பின்னரே இரண்டாவதைப் பற்றி எண்ணுவது நல்லது.

முதல் நாயின் நிலை

ஒரு வயதைக் கடந்து, அழைத்தால் வருதல், வெளியே சென்று மலம் கழித்தல் போன்றவற்றில் பழகிய நாயுடன் புதிய நாயைச் சேர்ப்பது எளிது. மூட்டுவலியோ பார்வைக் குறைவோ உள்ள முதிய நாய்க்குத் துள்ளித் திரியும் குட்டி தொல்லையாகவே அமையும். ஓர் ஈற்றுக் குட்டிகள் இரண்டை ஒன்றாக வாங்கினால் அவை ஒன்றையொன்று சார்ந்து வளரக்கூடும். அதனால் இரண்டுக்கும் தனித்தனியே பயிற்சி தேவை. உணவுத்தட்டருகே வேறு நாய் வந்தால் உறுமும் நாய் உள்ள வீட்டில் கூடுதல் கவனம் வேண்டும்.

பாலினமும் உடல் அளவும்

கடுவனும் பெட்டையும் சேர்ந்து வாழ்வது பொதுவாக எளிது. ஆனால் கருத்தடை அறுவை செய்யாவிட்டால் குட்டிகள் பிறப்பது ஏறக்குறைய உறுதி. பெட்டை பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை பருவத்துக்கு வரும். சினைக்காலம் சுமார் 63 நாட்கள். உடன்பிறந்த நாய்களும் தமக்குள் இணையும்.

சிப்பிப்பாறை, கன்னி போன்றவை ஓடும் இரையைத் துரத்தும் வேட்டை நாய்கள். இவற்றுடன் பொமரேனியன் போன்ற சிறிய நாயை ஆளில்லாமல் விடுவது ஆபத்தானது. விளையாட்டில் கூடச் சிறிய நாய் காயமடையலாம்.

நோய்த்தடுப்பு

புதிய நாயால் வரக்கூடிய பேராபத்து தொற்றுநோய். பார்வோ வைரஸ் கடுமையான வாந்தியையும் இரத்தம் கலந்த கழிச்சலையும் உண்டாக்கும். தடுப்பூசி போடாத குட்டிகளில் இது உயிரைப் பறிக்கக்கூடியது. மண்ணில் பல மாதங்கள் பிழைத்திருக்கும் இவ்வைரஸ் மனிதரின் செருப்பு வழியாகவும் பரவும். பார்வோவால் ஒரு நாய் இறந்த வீட்டில், கால்நடை மருத்துவரைக் கேட்காமல் வேறு குட்டியைக் கொண்டுவரக் கூடாது.

புதிய நாய் வருமுன் முதல் நாயின் தடுப்பூசிகள் முடிந்திருக்க வேண்டும். புதிய நாயை முதல் இரண்டு வாரங்கள் தனி அறையில், தனிப் பாத்திரங்களுடன் வைப்பது பாதுகாப்பானது. அக்காலத்தில் மருத்துவரின் பரிசோதனை, குடற்புழு நீக்கம், உண்ணி நீக்கம் ஆகியவற்றைச் செய்துவிடலாம். ரேபிஸ் தடுப்பூசி இரண்டு நாய்களுக்கும் கட்டாயம் தேவை.

அறிமுகம்

முதல் சந்திப்பை வீட்டுக்கு வெளியே, இரண்டுக்கும் பொதுவான இடத்தில் வைப்பது நல்லது. இருவர் ஆளுக்கொரு நாயைப் பிடித்து, இடைவெளி விட்டு ஒரே திசையில் நடக்க வேண்டும். சங்கிலியை இழுத்துப் பிடித்தால் நாயின் பதற்றம் கூடும். முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்துவது விளையாட்டு அழைப்பு. உடல் விறைத்து, கண் இமைக்காமல் முறைப்பது சண்டைக்கு முந்தைய அறிகுறி. அப்போது உடனே விலக்கிவிட வேண்டும். உறுமலுக்காக அடிக்கக் கூடாது. எச்சரிக்காமல் கடிக்கும் பழக்கம் அதனால் உருவாகலாம்.

உணவைத் தனித்தனி இடங்களில் வைத்து, எலும்புகளை அகற்றிவிட வேண்டும். சண்டையிடும் நாய்களுக்கிடையே கையை நுழைக்கக் கூடாது. கடி பட்டால், வளர்ப்பு நாயாக இருந்தாலும், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பொறுப்பும் மறுபரிசீலனையும்

உணவு, தடுப்பூசி, மருத்துவம், நடைப்பயிற்சிக்கான நேரம் அனைத்தும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சென்னை மாநகராட்சி போன்ற இடங்களில் ஒவ்வொரு நாய்க்கும் தனி உரிமம் பெற வேண்டும். வாடகை வீட்டில் உரிமையாளரின் ஒப்புதலை முன்பே கேட்பது நல்லது.

சில நாய்கள் பல வாரங்கள் கழிந்தும் ஒத்துப்போவதில்லை. அப்போது இரண்டையும் பிரித்து வளர்க்க இடமும் ஆளும் உண்டா, அல்லது புதிய நாயைப் பொறுப்புடன் ஏற்கும் வேறு வீடு உண்டா என்பதை வாங்கும் முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். பட்டினியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். இவற்றுக்கு விடை இல்லாத வீட்டில், இருக்கும் ஒரு நாயை நன்கு வளர்ப்பதே சரியான முடிவாகும்.