மலம் கறுப்பா? கழுத்தையும் பாருங்கள்!

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைத் தொழிலாளத் தோழர்களே, திருவள்ளூர் மாவட்டத் தாய்மார்களே!

இரத்த வாந்தியும், தார் மாதிரி ஒட்டும் கறுப்பு மலமும் இரைப்பையில் இரத்தம் கசிவதன் அடையாளம். பெரும்பாலும் காரணம் குடற்புண்தான். அபூர்வமாகப் பரம்பரை நோய் ஒன்றும் காரணமாகலாம். அதன் பெயர் சூடோசாந்தோமா எலாஸ்டிகம். ஏறத்தாழ 50,000 பேரில் ஒருவருக்கு வரும். உடம்பில் ரப்பர் போல நீண்டு சுருங்கும் நார்களில் சுண்ணாம்புச்சத்து படியும். இரைப்பையின் இரத்தக்குழாய்கள் விறைத்துவிடும். கசிவு கண்டால் சுருங்கி அடைபடாது.

எப்படித் தெரியும்?

கழுத்திலும் அக்குளிலும் மஞ்சள் நிறச் சிறு மணிகள் தோன்றும். தோல், இறகு பிடுங்கிய கோழித்தோல் மாதிரி இருக்கும். வலிக்காது. அதனால் "தேமலா இருக்கும்"னு விட்டுவிடுகிறோம். கண்பார்வையும் குறையலாம்.

ஏன் வருகிறது?

தாய், தந்தை இருவரிடமும் குறையுள்ள மரபணு இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டினால் வாய்ப்பு கூடும். இது சாபம் அல்ல; தொற்றும் அல்ல.

செய்ய வேண்டியவை:

1. இரத்த வாந்தி, கறுப்பு மலம் கண்டால் உடனே 108-ஐ அழையுங்கள். கழுத்துத் தோலையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

2. இடுப்புவலி என்று கடையில் ஆஸ்பிரின், புரூஃபென் வாங்கி விழுங்காதீர்கள். கசிவு அதிகமாகும்.

3. ஒருவருக்கு இந்நோய் இருந்தால் உடன்பிறந்தோரையும் பரிசோதியுங்கள்.

நோயை வேரோடு தீர்க்க மருந்தில்லை. ஆனால் நேரத்தில் வந்தால் கசிவை நிறுத்தி உயிரைக் காக்கலாம்!