இதயச் சிகிச்சை முடிந்த நாய்க்குட்டி: தோட்டத்தில் வளர்க்க முடியுமா?

பொள்ளாச்சி பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் இருந்த காவல் நாய் வயதாகி இறந்துவிட்டது. வேறு குட்டி தேடியபோது, கோவையில் விலங்குநலத் தொண்டர்கள் சிலர் ஒரு பெட்டைக்குட்டியைப் பற்றிச் சொன்னார்கள். சாலையோரம் சாக்குப்பையில் கிடந்ததாம். பொமரேனியன் கலப்பு. நாலு மாதக் குட்டி, ஆனால் எடை இரண்டு கிலோதான். "இதயத்தில் ஆபரேஷன் முடிந்து பத்து நாள் ஆகிறது. ஓய்வில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஒரு வீடு வேண்டும்" என்றார்கள்.

"ஏனுங்க, நெஞ்சுல நோவு வந்த குட்டி தோட்டத்துக்கு எதுக்குங்க? காவலுக்கு ஆகுமுங்களா?" என்று பக்கத்துத் தோட்டக்காரர் கேட்டார். எங்களுக்கும் அதே சந்தேகம்தான். மருத்துவரிடம் பேசிய பிறகே முடிவு செய்தோம்.

அடைபடாத மடை

தாயின் வயிற்றில் இருக்கும்போது குட்டி மூச்சு விடுவதில்லை. அதனால் ரத்தத்தின் பெரும்பகுதி நுரையீரலுக்குப் போகாமல், நுரையீரல் தமனிக்கும் பெருந்தமனிக்கும் நடுவே உள்ள ஒரு சிறு குழாய் வழியாகக் கடந்துவிடும். பிறந்து மூச்சு விடத் தொடங்கியதும், சில நாட்களுக்குள் இந்தக் குழாய் தானாகவே சுருங்கி மூடிக்கொள்ள வேண்டும். சில குட்டிகளுக்கு மூடுவதில்லை. இதைச் சுருக்கமாக பி.டி.ஏ. என்கிறார்கள். நாய்களுக்குப் பிறவியிலேயே வரும் இதயக் கோளாறுகளில் அதிகம் காணப்படுபவற்றில் இதுவும் ஒன்று. ஆண் குட்டிகளைவிடப் பெண் குட்டிகளுக்குக் கூடுதலாக வருகிறது. பொமரேனியன், பூடில், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற இனங்களில் அதிகம்.

நமக்குப் புரியும்படி சொன்னால், அடைக்க வேண்டிய மடையை அடைக்காமல் விட்டதுபோல. வயலுக்குப் போக வேண்டிய தண்ணீர் மடை வழியே திரும்பி வருகிறது. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது, வயல் காய்கிறது. இதயத்தின் இடது பக்கம் ஓயாமல் வேலை செய்து வீங்குகிறது. நுரையீரலில் நீர் கோக்கிறது. குட்டி வளராது, சீக்கிரம் களைக்கும், இருமும். சில குட்டிகளிடம் தொடக்கத்தில் எந்த அறிகுறியும் தெரியாது. மருத்துவர் இடது முன்னங்கால் அக்குளில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால், இடைவிடாமல் மோட்டார் ஓடுவது போன்ற சத்தம் கேட்கும். பல குட்டிகளுக்கு அந்த இடத்தில் விரல் வைத்தாலே அதிர்வு தெரியும்.

சிகிச்சை இல்லாவிட்டால் பாதிக்கு மேற்பட்ட குட்டிகள் ஒரு வயதுக்குள் இறந்துவிடும். காலத்தில் மூடிவிட்டால் பெரும்பாலானவை மற்ற நாய்களைப் போலவே வாழும். விலாவைத் திறந்து குழாயை நூலால் கட்டுவது ஒரு முறை. தொடையிலுள்ள ரத்தக்குழாய் வழியே சிறு அடைப்பானைக் கொண்டுபோய் வைப்பது இன்னொரு முறை. அரிதாகச் சில குட்டிகளுக்கு ரத்தம் எதிர்த்திசையில் பாயும். அவற்றுக்கு இந்தக் குழாயை மூடவே கூடாது. ஆகவே எக்கோ ஸ்கேன் பார்க்காமல் எதையும் முடிவு செய்ய முடியாது.

ஓட விடாததே வைத்தியம்

எங்கள் குட்டிக்கு விலாவில் தையல். வீட்டுத் திண்ணையில் பலகை அடித்து நாலடிக்கு ஓர் அடைப்பு செய்தோம். படி ஏறக்கூடாது, குதிக்கக்கூடாது. வெளிக்குப் போகவும் கயிற்றோடுதான். கழுத்துப்பட்டை வேண்டாம், மார்புப்பட்டை போடுங்கள் என்றார் மருத்துவர். தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு.

நாலாம் நாள் தப்பு செய்தோம். தேங்காய் ஏற்ற லாரி வந்த அவசரத்தில் அடைப்பைச் சரியாகச் சாத்தவில்லை. குட்டி வெளியேறி ஆட்டுக்குட்டிகளைத் துரத்திக்கொண்டு இரண்டு வரப்பு ஓடிவிட்டது. அன்று இரவு அது தூங்கும்போது மூச்சை எண்ணினோம். நிமிடத்துக்கு 38. ஒரு மணி நேரம் கழித்தும் குறையவில்லை. உடனே மருத்துவரை அழைத்துவிட்டு, இரவோடு இரவாகக் கோவைக்குக் கொண்டுபோனோம். கட்டு நகரவில்லை. நுரையீரலில் கொஞ்சம் நீர் சேர்ந்திருந்தது. நீர் பிரியும் மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். மூன்றாம் நாள் 24-க்கு இறங்கியது. எண்ணாமல் விட்டிருந்தால் காலையில்தான் கவனித்திருப்போம்.

மூச்சு எண்ணுவது எளிது. குட்டி அயர்ந்து தூங்கும்போது, மார்பு ஏறி இறங்குவதை ஒன்று என்று கொண்டு, 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். 30-க்குள் இருக்க வேண்டும். மறுபடி எண்ணியும் அதற்கு மேல் இருந்தால் மருத்துவரை அழையுங்கள். ஈறு வெளிறினாலோ நீலம் பாய்ந்தாலோ, மயங்கி விழுந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது.

தோட்டத்தில் கவனிக்க வேண்டியவை

* கருவாடு, அப்பளம், ஊறுகாய், மீந்த குழம்பு போன்ற உப்புப் பண்டங்கள் வேண்டாம். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் குட்டிக்கு எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும்.
* உண்ணிக் காய்ச்சலில் ரத்தம் குறைந்தால் இதயத்துக்குச் சுமை கூடும். அதற்காக மாட்டுக்குத் தெளிக்கும் உண்ணி மருந்தைக் குட்டி மேல் ஊற்றாதீர்கள். நாய்க்கு உரியதை மருத்துவர் சொல்லும் அளவில் மட்டும் போடுங்கள்.
* வெறிநாய்க்கடி தடுப்பூசியும் மற்றவையும் கட்டாயம். எந்த நாளில் போடலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.
* இக்கோளாறு பரம்பரையாக வரக்கூடியது. குட்டி ஈன விடக்கூடாது. மருத்துவர் அனுமதித்த பிறகு கருத்தடை செய்துவிடுங்கள்.

தத்தெடுக்கும் முன் கேளுங்கள்

என்ன கோளாறு, முழுவதும் மூடியதா, கசிவு மிச்சம் உள்ளதா? என்னென்ன மாத்திரை, எவ்வளவு நாள்? அடுத்த ஸ்கேன் எப்போது, செலவு யாருடையது? ஆபரேஷன் சீட்டு, ஸ்கேன் முடிவு, தடுப்பூசி அட்டை ஆகியவற்றைக் கையில் வாங்காமல் குட்டியைத் தூக்கி வராதீர்கள். பகலில் வீட்டில் ஒருவராவது இருக்க வேண்டும். இரண்டு மாதம் அப்படிப் பார்க்க ஆளில்லை என்றால், பரிதாபப்பட்டு வாங்குவது குட்டிக்கு நல்லதல்ல.

மூன்றாம் மாத ஸ்கேனில் இதயத்தின் வீக்கம் நன்றாகக் குறைந்திருந்தது. மாத்திரைகளைப் படிப்படியாக நிறுத்திவிட்டார்கள். எடை ஐந்து கிலோ ஆகிவிட்டது. இப்போது காலையில் மயில் இறங்கினால் முதலில் குரைப்பது அதுதான். காவலுக்கு ஆகுமா என்று கேட்ட பக்கத்துத் தோட்டக்காரர், அடுத்து அப்படி ஒரு குட்டி வந்தால் தனக்குச் சொல்லச் சொல்லியிருக்கிறார். முதலில் மூச்சு எண்ணப் பழகுங்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறோம்.