ஒரே குட்டையில் ஒற்றுமையாய் வாழும் மீன்கள்

வடகிழக்குப் பருவமழையில் கமண்டல நாகநதி பெருகி, ஆரணி வட்டாரத்து ஏரிகளும் குட்டைகளும் நிரம்பியதும், ஊராட்சிகளில் மீன்பாசிக் குத்தகை பற்றிய பேச்சு எழுகிறது. ஏலத்தொகையில் காட்டும் அக்கறையை, எந்த மீனை நீரில் விடுவது என்பதில் நாம் காட்டுவதில்லை. ஆனால் விளைச்சல் பெரிதும் அதனைப் பொறுத்தே அமைகிறது.

நகரங்களில் கண்ணாடித் தொட்டியில் கடல்நீர் நிரப்பி அழகு மீன் வளர்ப்போர், எது சண்டையிடாது, எது கூட்டமாய் நீந்தும் என்று விசாரித்த பின்னரே மீன் வாங்குகின்றனர். ஒரு முரட்டு மீன் புகுந்தால் மற்றவற்றுக்கு வாழ்வில்லை. ஊர்க் குட்டைக்கும் இவ்விதி பொருந்தும்.

கட்லா, ரோகு, மிருகால் ஆகிய மூன்றும் சாதுவான கெண்டையினங்கள். கட்லாவின் வாய் மேல்நோக்கி அமைந்தது. மேல்மட்ட நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை அது உண்ணும். ரோகு நடுநீரில் மேயும். மிருகால் அடிச்சேற்றில் மட்கியவற்றைத் தின்னும். ஒன்றின் இலையில் மற்றொன்று கை வைப்பதில்லை. தேங்கிய குட்டை நீரில் இவை இனம் பெருக்குவதுமில்லை. ஆதலால் விட்ட எண்ணிக்கைக்கு மேல் கூட்டம் சேராது. முற்காலத்தில் இவற்றின் குஞ்சுகளை வெள்ளக்காலத்து ஆறுகளிலிருந்தே சேகரிக்க வேண்டியிருந்தது. 1957 ஜூலை 10-ஆம் நாள் ஒடிசாவின் அங்குலில், ஹீராலால் சௌத்ரி என்னும் விஞ்ஞானி ஊக்கிநீர் ஊசியினால் கெண்டைகளை முட்டையிடச் செய்து காட்டினார். அதன் பயனாகவே இன்று நாம் பண்ணையில் குஞ்சு வாங்க முடிகிறது.

ஓர் ஏக்கர் பண்ணைக்குட்டைக்கு 2,000 குஞ்சுகள் போதும்: கட்லா 800, ரோகு 600, மிருகால் 600. வெள்ளிக்கெண்டையும் சாதுவே, எனினும் கட்லாவின் உணவுக்கே போட்டியிடும். சாதாக்கெண்டை இரை தேடிக் கரையைக் குடையும் வழக்கமுடையது. மண் கரையுள்ள குட்டையில் அதனை நாம் சிபாரிசு செய்யமாட்டோம்.

1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியாவை நம் மக்கள் ஜிலேபிக்கெண்டை என்பர். அது சில மாதங்களிலேயே முட்டையிட்டுப் பெருகி, மற்ற மீன்களின் இரையையும் இடத்தையும் பறித்துக்கொள்ளும். இறுதியில் வலை நிறையப் பொடிமீனே மிஞ்சும். ஆப்பிரிக்கக் கெளுத்தியோ பிற மீன்களையே விழுங்கும். ஈரத்தரையில் ஊர்ந்து அடுத்த குட்டைக்கும் செல்லும். அதன் வளர்ப்பு நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. விரைவில் பருக்கும் என்று எவரேனும் அதன் குஞ்சுகளைக் கொண்டுவந்தால் மறுத்துவிடுக.

விராலைப் பற்றிச் சொன்னால் சிலருக்கு மனத்தாங்கல் உண்டாகலாம். அதன் சுவையையும் விலையையும் நாமும் அறிவோம். ஆயினும், பழைய விரால்களை அகற்றாமல் கெண்டைக்குஞ்சு விட்ட ஒரு குட்டையில், அறுவடையன்று கொழுத்த விரால் சிலவும் வெறும் வலையுமே கண்டோம். விட்ட குஞ்சுகள் அவற்றுக்கு இரையாகிவிட்டன. விரால் வேண்டுவோர் தனிக்குட்டையில் வளர்ப்பதே முறை.

எனவே, குஞ்சு விடுமுன் குட்டையைக் கோடையில் முற்றிலும் வற்றவிடுதல் நன்று. விரால் சேற்றில் புதைந்து கிடக்குமாதலின், சேற்றையும் கிளறிப் பார்க்க வேண்டும். நீர் வற்றாத பண்ணைக்குட்டையாயின், ஒரு மீட்டர் ஆழ நீருக்கு ஏக்கருக்கு 1,000 கிலோ வீதம் இலுப்பைப் பிண்ணாக்கு இடலாம். வேண்டாத மீன்கள் மடியும். சுமார் மூன்று வாரத்தில் நஞ்சு தணிந்து அதுவே எருவாகும். மக்களும் கால்நடைகளும் பயன்படுத்தும் ஏரியில் இதனை இடலாகாது.

தீனிக்கு நாம் அலைய வேண்டியதில்லை. ஆரணி அரிசி ஆலைகளின் தவிடும், நம் மாவட்டத்துக் கடலைப் பிண்ணாக்கும் சம அளவில் கலந்து இட்டால் போதும். பட்டுநூலின் பசை நீக்கிய சோப்பு நீரும் சாயப்பட்டறைக் கழிவும் வந்து சேரும் குட்டையில் மட்டும் மீன் விடவே வேண்டாம். எந்த இனமும் அங்குப் பிழைப்பது அரிது.

குத்தகைக்கு விடும் ஊராட்சிகள், இன்ன மீன் விடலாம், இன்னது கூடாது என்பதை ஏல நிபந்தனையிலேயே எழுதி, ஏலத்தன்று யாவரும் அறியப் படித்துக் காட்டுதல் வேண்டும். குஞ்சு வந்து இறங்கும் நாளில் உறுப்பினர் ஒருவர் கரையில் நின்று, பையிலுள்ளவை கெண்டைக்குஞ்சுகளே என்று பார்த்த பின்னரே நீரில் விடச் செய்க.