பழைய ஜெனரேட்டரைக் கழற்றுவதற்கு முன்...

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதை நமது வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டபோது அந்த நினைவு மீண்டும் வந்தது. திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் ஐஸையும் குளிரூட்டியையும் நம்பித் தொழில் செய்பவருக்கு ஜெனரேட்டர் ஆடம்பரமல்ல, முதலுக்குக் காவல்.

மீன் லொறியிலோ, சாப்பாட்டு வேனிலோ, கடையின் பின்னறையிலோ பெட்டிக்குள் அடக்கிப் பொருத்திய ஜெனரேட்டரை மாற்றுவது இலேசான வேலையல்ல. முதலில், மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். ஸ்டார்ட் ஆகி உடனே நின்றால், ஒயில் குறைவும் அடைபட்ட டீசல் பில்டரும் காரணமாக இருக்கலாம். உப்புக்காற்று அரித்த வயர் முனைகளைச் சுத்தம் செய்தாலே சில வேளை போதும்.

கழற்றுவதானால் பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் எடுங்கள். பிறகு டீசல் குழாயை அடையுங்கள். வயர்களுக்கு அடையாளமிட்டுப் படம் எடுத்து வையுங்கள்.

புதியதை வாங்கும்போது விலையை மட்டும் பார்ப்பவரே ஏமாறுகிறார். வெளிநாட்டு வாகனங்களில் இருந்து கழற்றி வரும் சில ஜெனரேட்டர்கள் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் வகை. நமது நாட்டில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். பெயர்த்தகட்டை வாசிக்காமல் மலிவுக்கு வாங்கினால், இருக்கும் குளிரூட்டியும் பழுதாகும். 5 கேவிஏ என்றால் பெரும்பாலும் 4 கிலோவாட் தான். கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகும் நொடியில் வழமையைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள். பெட்டியின் நீள, அகல, உயரத்தோடு காற்றோட்டத்துக்கான இடைவெளியையும் அளந்து கொள்ளுங்கள்.

புகைக்குழாயில் கஞ்சத்தனம் கூடாது. புகையிலுள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை; மூடிய இடத்தில் அது உயிரைக் குடிக்கும். கடையில் பொருத்துபவர்கள் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் இணைக்கவே வேண்டாம். இல்லையேல் உங்கள் மின்சாரம் வெளியே பாய்ந்து, கம்பத்தில் வேலை செய்பவரைத் தாக்கும்.

இயந்திரத்தின் விலையோடு வெல்டிங், குழாய், வயரிங் கூலியையும் முன்கூட்டியே கேட்டு எழுதிக் கொள்ளுங்கள். அந்தக் கணக்குக்குப் பிறகும் கட்டுப்படியானால் மட்டும் முற்பணம் கொடுங்கள்.