பக்கவாத நோயாளியும் வீட்டாரின் பணிவிடையும்

தாமிரபரணிக் கரையிலுள்ள ஆத்தூரில், வெற்றிலைக் கொடிக்காலில் உழைத்த ஒருவர் பக்கவாதத்தால் தாக்குண்டு, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகிறார் எனக் கொள்வோம். அன்று முதல் அவர் மனைவியே செவிலியாகிறார். அவருக்குச் சற்றுப் பயிற்சி அளித்தால் போதுமன்றோ என நாம் எண்ணுகிறோம்.

இவ்வெண்ணம் நம் நாட்டிலேயே ஆராயப்பட்டது. லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி உட்பட 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகள் இவ்வாய்வில் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவில், நோயாளிக்கு மறுவாழ்வுப் பயிற்சி அளிக்கும் முறை வீட்டாருக்குக் கற்பிக்கப்பட்டது. மறுபிரிவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டுமே. முடிவுகள் 2017இல் வெளிவந்தன. ஆறு மாதங்களுக்குப்பின் இறந்தோரும் பிறரைச் சார்ந்து வாழ்வோருமாக இரு பிரிவிலும் 47 விழுக்காட்டினர் இருந்தனர். வீட்டாரைப் பயிற்றுவித்தமையால் வேறுபாடு விளையவில்லை.

இதனால் வீட்டாரின் பணிவிடை வீண் என்று கொள்ளலாகாது. புரட்டிப் படுக்கவைத்துப் படுக்கைப்புண்ணைத் தவிர்ப்பதும், நிமிர்த்தி அமர்த்தி உணவூட்டுவதும் அவர்களே. ஆயினும் பயிற்சிபெற்றோர் செய்யவேண்டியதையும் அன்பின் பெயரால் அவர்கள்மீது சுமத்திவிட்டு நாம் விலகலாகாது. நோயாளியைச் சந்திக்கச் செல்லும் சபையார், அவ்வம்மையார் இரவில் உறங்க வழியுண்டா எனக் கேட்டு ஆவன செய்வதும் ஊழியமே.