விமானம் ரத்தானால், தாமதமானால்: பயணியின் ஹக் என்ன?



காரைக்காலில் சபராளி இல்லாத வீடு குறைவு. வளைகுடாவில் வேலை பார்ப்பவர், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தொழில் செய்பவர், பிரான்சில் குடியிருப்பவர், உம்ராவுக்குப் புறப்படுபவர் என்று ஆண்டு முழுவதும் போக்குவரத்து நடக்கிறது. நம்மூரில் பயணிகள் விமான நிலையம் இல்லை. வேன் பிடித்துத் திருச்சிக்கோ சென்னைக்கோ போய்ச் சேர்ந்த பிறகு, “இன்று விமானம் இல்லை, நாளை பாருங்கள்” என்று சொல்லிவிட்டால் வீணாவது ஒரு நாள் மட்டுமல்ல. வேலையில் சேர வேண்டிய தேதி தப்பும். விசாக் காலம் முடியும். உம்ரா குழு முன்னால் போய்விடும். தந்தையின் ஜனாஸா தொழுகைக்கு மகனால் வந்து சேர முடியாமல் போகும்.

பொறுமை நல்ல குணம். ஆனால் பொறுமை வேறு, உரிய ஹக்கைக் கேட்காமல் விடுவது வேறு. விமான நிறுவனம் பயணிக்குச் செய்ய வேண்டியவை எழுத்தில் உள்ள விதிகள். அவை தயவு அல்ல. கேட்காதவருக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அதனால் அவற்றைச் சுருக்கமாக இங்கே தருகிறோம். கத்தரித்து டிக்கெட்டுடன் வைத்துக்கொள்ளுங்கள்.

விதி எங்கே இருக்கிறது?

மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டி.ஜி.சி.ஏ.) 2010 ஆகஸ்டில் இதற்கான விதிமுறையை வெளியிட்டது. பிறகு சில முறை திருத்தியது. விமானத்தில் ஏற்ற மறுத்தல், ரத்து, தாமதம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே என்ன தர வேண்டும் என்று அதில் உள்ளது. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலருடைய மனு தள்ளப்படுகிறது.

1. விமானம் ரத்து

புறப்படும் நேரத்துக்கு 24 மணி நேரத்துக்கு முன்பே பயணிக்குத் தகவல் சொல்லிவிட்டால், மாற்று விமானம் அல்லது முழுப் பணம், இரண்டில் ஒன்று கேட்கலாம். தேர்வு பயணியுடையது, இழப்பீடு இல்லை.

அப்படித் தகவல் சொல்லாமல் ரத்து செய்தால் மாற்று விமானம் அல்லது முழுப் பணத்துடன் இழப்பீடும் தர வேண்டும். ரத்தான விமானத்தின் பயண நேரத்தைப் பொறுத்து அந்தத் தொகை அமையும்:

• 1 மணி நேரம் வரை: ரூ. 5,000
• 1 முதல் 2 மணி நேரம் வரை: ரூ. 7,500
• 2 மணி நேரத்துக்கு மேல்: ரூ. 10,000

இதில் ஒரு நிபந்தனை உண்டு. மேலே உள்ள தொகை, ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவ்விரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். உதாரணமாக, திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உங்கள் டிக்கெட்டில் அந்த இரண்டும் சேர்ந்து ரூ. 8,000 என்றால் இழப்பீடு ரூ. 8,000, ரூ. 14,000 என்றால் ரூ. 10,000.

ஒரே டிக்கெட்டில் இணைப்பு விமானமும் இருந்து, முதல் விமானம் ரத்தானதால் அதைத் தவறவிட்டாலும் இந்த விதி பொருந்தும். சில நூறு ரூபாய் மிச்சம் என்று திருச்சி–சென்னை ஒரு டிக்கெட், சென்னை–துபாய் வேறொரு டிக்கெட் என்று எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தனித்தனி டிக்கெட் எடுத்தால் இரண்டாவது விமானம் தவறியதற்கு முதல் நிறுவனத்திடம் இந்த விதிப்படி கேட்க முடியாது.

2. விமானம் தாமதம்

இந்திய விதியில் தாமதத்துக்குப் பண இழப்பீடு கிடையாது. ஆனால் கவனிப்பு உண்டு. நேரத்தில் வந்து செக்-இன் செய்தவருக்கு, இரண்டரை மணி நேரத்துக்குட்பட்ட பயணமாக இருந்தால் 2 மணி நேரத் தாமதத்திலிருந்தும், ஐந்து மணி நேரம் வரையிலான பயணமாக இருந்தால் 3 மணி நேரத்திலிருந்தும், அதற்கும் நீண்ட பயணமாக இருந்தால் 4 மணி நேரத்திலிருந்தும் உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். தாமதம் 24 மணி நேரத்தைத் தாண்டினாலும், இரவு 8 முதல் அதிகாலை 3 மணிக்குள் புறப்பட வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலும் ஓட்டல் அறையும் போக்குவரத்தும் தர வேண்டும். வளைகுடா விமானங்கள் பல இரவில்தான் புறப்படுகின்றன. ஆகவே முதியவர்களையும் குழந்தைகளையும் நாற்காலியில் விடிய விடிய உட்கார வைக்காமல், கவுன்டரில் இந்த விதியைச் சொல்லிக் கேளுங்கள்.

இதில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் உண்டு. 2007 டிசம்பரில் டெல்லியிலிருந்து ஹைதராபாத் செல்லும் விமானம் பனிமூட்டத்தால் பல மணி நேரம் தாமதமானது. பயணி ஒருவர் நிரந்தர லோக் அதாலத்துக்குப் போனார், ரூ. 10,000 இழப்பீடு கிடைத்தது. 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பனிமூட்டம் நிறுவனத்தின் கையில் இல்லை, அதற்கு இழப்பீடு கேட்க முடியாது என்றது. ஆனால் காரணம் எதுவாக இருந்தாலும் காத்திருக்கும் பயணிகளுக்கு உணவு, தண்ணீர் போன்ற அடிப்படை வசதிகளைச் செய்து தரும் கடமை நிறுவனத்துக்கு உண்டு என்றும் கூறியது. நிரந்தர லோக் அதாலத்தில் விமானச் சேவை குறித்த குறையைக் கொண்டுபோகலாம் என்பதும் அத்தீர்ப்பில் உறுதியானது.

3. டிக்கெட் இருந்தும் ஏற்ற மறுத்தல்

இருக்கைகளைவிட அதிகமாக டிக்கெட் விற்றுவிட்டு, நேரத்தில் வந்தவரை ஏற்றாமல் விட்டால் கணக்கு வேறு. ஒரு மணி நேரத்துக்குள் புறப்படும் மாற்று விமானம் கொடுத்தால் இழப்பீடு இல்லை. 24 மணி நேரத்துக்குள் என்றால் அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கட்டணம் சேர்ந்த தொகையில் இரு மடங்கு, அதிகபட்சம் ரூ. 10,000. அதற்கும் மேல் என்றால் நான்கு மடங்கு, அதிகபட்சம் ரூ. 20,000. மாற்று விமானம் வேண்டாம் என்றால் டிக்கெட் பணம் முழுவதும், அதனுடன் இந்த நான்கு மடங்கும் சேரும். தாமதமாக வந்தவருக்கு இது பொருந்தாது.

எப்போது இழப்பீடு கிடைக்காது?

புயல், வெள்ளம், கலவரம், விமானக் கட்டுப்பாட்டுத் துறையின் உத்தரவு, பாதுகாப்பு அச்சுறுத்தல் போல நிறுவனத்தின் கையை மீறிய காரணம் என்றால் இழப்பீடு இல்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலால் சென்னை விமான நிலையம் மூடப்பட்டது நினைவிருக்கும். அன்று ரத்தானதற்கு இழப்பீடு கேட்பது நியாயமும் அல்ல. ஆனால் அப்போதும் டிக்கெட் பணமோ மாற்று விமானமோ கேட்கும் உரிமை போய்விடாது.

2025 டிசம்பர் முதல் வாரத்தில் நடந்தது வேறு வகை. விமானிகளின் பணி நேரம், ஓய்வு குறித்த புதிய விதிகள் வருவது முன்பே தெரிந்த செய்தி. அதற்கேற்பப் போதிய ஏற்பாடு இல்லாததால் டிசம்பர் 5 அன்று மட்டும் இண்டிகோ நிறுவனத்தின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. டிசம்பர் 7 இரவுக்குள் பணத்தைத் திருப்பித் தர மத்திய அரசு உத்தரவிட்டது. ஆகவே ரத்து என்றவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “காரணம் என்ன?” பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லாக “வானிலை” என்று சொல்லிவிட்டுப் பிறகு வேறு காரணம் வெளிவந்தால், அந்த எழுத்துதான் உங்கள் சாட்சி.

டிக்கெட்டில் யாருடைய செல்போன் எண்?

நம்மூர் மக்களின் பணம் அதிகம் போவது இந்த இடத்தில்தான். டிக்கெட் எடுக்கும்போது சரியான தொடர்பு விவரம் தராத பயணிக்கு இழப்பீடு இல்லை என்று விதி சொல்கிறது. நாமோ டிராவல்ஸில் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். ஏஜென்ட் தன் எண்ணையே பதிவு செய்கிறார். ரத்து என்ற குறுஞ்செய்தி அவருக்குப் போகிறது. பயணி வேனில் திருச்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறார். பின்னர் கேட்டால், “நாங்கள் முன்பே தெரிவித்துவிட்டோம்” என்ற பதில் வரும். டிக்கெட் கையில் வந்ததும் உங்கள் எண்ணும் மின்னஞ்சலும் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பணம் திரும்புவதிலும் இதே கவனம் வேண்டும். கடன் அட்டையில் கட்டிய பணம் 7 நாட்களுக்குள் திரும்ப வேண்டும். ஏஜென்ட் மூலம் வாங்கியிருந்தாலும் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதே. ஏஜென்ட் கணக்குக்குப் பணம் வந்ததா, எந்தத் தேதியில், எவ்வளவு என்று நிறுவனத்திடமே கேட்கலாம். பணத்துக்குப் பதில் வவுச்சர் அல்லது “கிரெடிட் ஷெல்” ஏற்பதா என்பது பயணியின் விருப்பம், கட்டாயப்படுத்த முடியாது. ஆண்டுக்கொரு முறை ஊர் வரும் சபராளிக்கு ஆறு மாத வவுச்சரால் என்ன பயன்?

வெளிநாட்டுப் பயணத்துக்குக் கூடுதல் உரிமை

1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை இந்தியாவில் 2009 முதல் நடைமுறையில் உள்ளது. அமீரகம், சவுதி அரேபியா, சிங்கப்பூர், மலேசியா ஆகியவையும் அதில் சேர்ந்தவை. இதன்படி சர்வதேச விமானத் தாமதத்தால் ஏற்பட்ட உண்மையான நஷ்டத்தைக் கேட்கலாம். தவிர்க்க முடிந்ததையெல்லாம் செய்தோம் என்று நிறுவனம் நிரூபித்தால் தப்பும். உடன்படிக்கையின் உச்சவரம்பு எஸ்.டி.ஆர். என்ற சர்வதேசக் கணக்கில் உள்ளது. 2024 டிசம்பர் 28 முதல் தாமதத்துக்கு 6,303 எஸ்.டி.ஆர். ஒரு எஸ்.டி.ஆர். நூறு ரூபாய்க்கு மேல். ஆனால் இது உச்சவரம்புதான். எல்லோருக்கும் கிடைக்கும் தொகை அல்ல. இழந்த சம்பளத்துக்குக் கம்பெனிக் கடிதம், தங்கியதற்கு ஓட்டல் பில் என்று சான்று காட்ட வேண்டும். பெட்டி சேதமானால் 7 நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்தால் கையில் கிடைத்த 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும். வழக்குக்குக் காலவரம்பு 2 ஆண்டுகள்.

பிரான்சில் உள்ள நம் சொந்தங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி இன்னும் வலுவானது. பாரிஸிலிருந்து எந்த நிறுவனத்தின் விமானத்தில் புறப்பட்டாலும் அது பொருந்தும். சென்னையிலிருந்து பாரிஸ் போகும்போது ஐரோப்பிய நிறுவனத்தின் விமானமாக இருந்தால் மட்டுமே பொருந்தும். பாரிஸ்–துபாய்–சென்னை ஒரே முன்பதிவாக இருந்து, சென்னைக்கு 4 மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்து சேர்ந்தால் ஒரு பயணிக்கு 600 யூரோ வரை கேட்கலாம்; 3 முதல் 4 மணி நேரம் என்றால் அதில் பாதி. சாதாரண இயந்திரக் கோளாறு விதிவிலக்காகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்துள்ளது. பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பது இதில் கேள்வியே இல்லை.

செய்ய வேண்டியவை

1. விமான நிலையத்திலேயே காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் அறிவிப்புப் பலகையையும் வந்த குறுஞ்செய்தியையும் படமெடுங்கள்.

2. டிக்கெட், போர்டிங் பாஸ், சாப்பாடு, ஓட்டல், வேன் ரசீது எதையும் எறியாதீர்கள்.

3. “முழுத் தீர்வு பெற்றுக்கொண்டேன்” என்ற தாளில் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள்.

4. முதலில் விமான நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். பி.என்.ஆர்., விமான எண், தேதி, நடந்தது, கேட்கும் தொகை, வங்கிக் கணக்கு என்று ஆறு விவரம் போதும். கோபமான வார்த்தை வேண்டாம். பதில் வராவிட்டால் அவர்கள் இணையதளத்தில் உள்ள நோடல் அதிகாரிக்கு அனுப்புங்கள்.

5. அடுத்து மத்திய அரசின் ‘ஏர்சேவா’ தளத்தில் புகார் பதியுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

6. அதிலும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நிறுவனத்தின் தலைமையகம் டெல்லியில் இருந்தாலும், நாம் வசிக்கும் இடத்துக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே மனு தரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, ஆன்லைனிலும் பதியலாம். 2 ஆண்டுகளுக்குள் தர வேண்டும்.

இந்தப் பணம் ஆகுமானதா?

சிலர் இப்படிக் கேட்பதுண்டு. இது கடனுக்கு வாங்கும் வட்டி அல்ல. ஒப்பந்தத்தை மீறியவர் பாதிக்கப்பட்டவருக்குத் தர வேண்டும் என்று முன்பே அறிவிக்கப்பட்ட தொகை. மனத்தில் ஐயம் இருப்பவர்கள் தங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறலாம். ஆனால் ஒன்றில் ஐயமே இல்லை: தங்காத ஓட்டலுக்குப் பில் வாங்குவதும், இழக்காத சம்பளத்துக்குக் கடிதம் வாங்குவதும் ஹராம். நம் ஹக்கைக் கேட்கிறோம். அடுத்தவர் ஹக்கைத் தொடுவதற்கில்லை. ஊழியர்களிடம் கத்துவதும் வேண்டாம். கவுன்டரில் நிற்கும் பிள்ளை விமானத்தை ரத்து செய்யவில்லை.

வெளிநாட்டில் இருப்பவருக்காக ஊரில் இருக்கும் மனைவியோ பெற்றோரோ மனு எழுத வேண்டியிருந்தால், ஆவணங்களுடன் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். ஆங்கிலத்தில் மனு எழுதவும் ஆன்லைனில் பதியவும் உதவுகிறோம். இதற்குக் கட்டணம் ஏதும் இல்லை. சபரில் இருக்கும் அனைவரையும் அல்லாஹ் பத்திரமாக வீடு சேர்ப்பானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்